கொல்லி மலையின் வில்: படைக்கலமும் பொறியும்

தமிழில் ‘பொறி’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். நெருப்பின் துகளும் பொறி, கண், காது முதலான உறுப்புகளும் பொறி, எந்திரமும் பொறி. கல்லிலும் உலோகத்திலும் ஓர் எழுத்தையோ உருவத்தையோ பதிப்பது பொறித்தல். அரசன் தன் காசிலும் கொடியிலும் ஓலையிலும் இட்ட அடையாளத்தையும் சங்கப் புலவர்கள் பொறி என்றே வழங்கினர். இலச்சினை, முத்திரை என்னும் சொற்கள் பின்னர் வழக்கிற்கு வந்தவை. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். ஆயினும் ஓர் அரசு ஒரு பொருளைத் தன் பொறியாகக் கொள்ளும்போது அப்பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணிப் பார்ப்பதற்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லி மலையினும் ஏற்ற இடம் தமிழகத்தில் அரிது. ஏனெனில் அம்மலையில் இரண்டு விற்கள் உள்ளன. ஒன்று வல்வில் ஓரியின் கையில் இருந்தது. மற்றொன்று சேரனின் பொறியில் இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் இன்றும் பலர். கொல்லி சேரநாட்டு மலை, சேரரின் சின்னம் வில், ஆகவே ஓரியின் வில்லும் சேர வில்லே என்பது அவர்தம் கணக்கு. சங்கப் பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு இக்கணக்கு பிழையென்பது விரைவில் புலப்படும்.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் ஓரியை முதலில் காண்போம். பரிசில் நாடிச் செல்லும் பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. மார்பில் சந்தனம் பூசி ஆரம் அணிந்த இவன் வெறும் வேட்டுவனாக இருத்தல் இயலாது என்று புலவர் ஐயுறுகிறார். பாணர்கள் இசை எழுப்பி ஓரியின் பெயரைப் பாடியபோது, தன் பெயரைக் கேட்ட அவன் நாணுகிறான். பின்னர் இறைச்சியும் தேறலும் பொன்னும் மணியும் வழங்குகிறான். ஓர் அம்பு ஐந்து உயிரைத் துளைத்ததா என்று அளந்து பார்ப்பது இங்கு வேண்டாத வேலை. பாடல் எதைப் போற்றுகிறது என்பதே கருதத்தக்கது. அது போற்றுவது ஒரு கையின் திறனை. ‘வல்வில்’ என்னும் அடைமொழி அக்கையைச் சார்ந்தது. ஓரியோடு பிறந்து ஓரியோடு முடிவது. இவ்வில் கொடியில் இல்லை, காசில் இல்லை, மலைமுகட்டில் பொறிக்கப்படவும் இல்லை. அது வேட்டைக்கும் போருக்கும் உரிய கருவி. அம்மட்டே.

அந்தக் கை வீழ்ந்த செய்தியையும் சங்கப் பாடல்களே தருகின்றன. முள்ளூர் மலைக்குத் தலைவனான மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்றான். கொன்றபின் கொல்லி மலையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209இல் கல்லாடனார் கூறுகிறார். ஓரியின் பெருந்தெருவில் பகைவனான காரி நுழைந்தபோது ஊரெங்கும் எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320ஆம் பாடலில் கபிலர் உவமையாக்குகிறார். காதற்பாட்டில் வந்துபோகும் ஓர் உவமை அது; ஆயினும் அந்தத் தெருவின் அதிர்ச்சி இன்றும் நம் காதில் விழுகிறது. காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் இருந்ததைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. குதிரைக்குக்கூடத் தன் பெயரையே இட்டு வாழ்ந்த இத்தலைவர்கள், தம்மை வேறொரு சின்னத்தால் அடையாளம் காட்டத் தேவையில்லாத உலகில் வாழ்ந்தவர்கள் என்று கொள்ளலாம்.

சேரர் அவ்வுலகினர் அல்லர். கருவூரை மையமாகக் கொண்டு ஆண்ட இரும்பொறை மரபினர் காசு அடித்தவர்கள், கல்வெட்டு வெட்டியவர்கள். கரூருக்கு அருகிலுள்ள புகளூர் ஆறுநாட்டான் மலையில் தமிழி எழுத்துகளில் அவர்தம் மூன்று தலைமுறைப் பெயர்கள் உள்ளன. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் செப்புக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் காணப்படுகின்றன. ஓரியின் வில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். காசில் ஏறிய வில்லோ சந்தைதோறும் ஒரே நேரத்தில் இருக்கும். அதை ஏந்த யாருக்கும் வலிமை வேண்டியதில்லை. உப்பு விற்பவரும் அதைக் கையில் வைத்திருப்பார். அரசன் இறந்தாலும் அது இறவாது, மகனுக்குச் செல்லும். கருவி பொறியாக மாறும்போது நிகழ்வது இதுவே: திறன் என்னும் பொருள் நீங்கி, உரிமை என்னும் பொருள் வந்து அமர்கிறது.

உரிமையின் எல்லையை எவ்வளவு தொலைவிற்கு நீட்டலாம் என்பதையும் புலவர்கள் எண்ணியிருக்கிறார்கள். இமயத்தில் வில் பொறித்த சேரன் என்று புறநானூறு 39இல் மாறோக்கத்து நப்பசலையார் குறிப்பிடுகிறார். அவர் பாடுவது சேரனை அன்று. அச்சேரனின் வஞ்சியை அழித்த சோழன் கிள்ளிவளவனை. பகைவனின் பொறி எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவு உயர்ந்தது சோழனின் வெற்றி என்பது அவர் தொனி. 58ஆம் பாட்டு இன்னும் சுவையானது. சோழனும் பாண்டியனும் ஒருங்கே அமர்ந்திருக்கக் கண்ட காரிக்கண்ணனார், நீங்கள் இருவரும் இப்படியே ஒன்றியிருந்தால் பிறர் நாட்டுக் குன்றுகளின் உச்சியில் புலியும் கயலும் சேர்த்துப் பொறிக்கப்படும் என்று வாழ்த்துகிறார். பிறர் நாட்டுக் குன்றுகள்! மலைநாட்டுத் தலைவன் ஒருவன் இவ்வாழ்த்தைக் கேட்டிருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? சமவெளி வேந்தர்களுக்கு மலை என்பது தம் பொறியைப் பதிப்பதற்கான வெற்றுப் பலகை. அங்கே ஏற்கெனவே வாழ்வோர் இருக்கிறார்கள் என்பது வாழ்த்துப் பாடலில் இடம்பெறுவதில்லை.

மேலைநாட்டார் மரபில் குலச்சின்னக் கலை தோன்றியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் போர்க்களத்துத் தேவை. தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் பூண்ட வீரனின் முகம் தெரியாது. ஆகவே கேடயத்தில் உருவம் எழுதினர். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் முறையாக உறுதிப்பட்டது. அதே தேவையைத் தமிழர் வேறு வகையில் நிறைவு செய்தனர். பெரும்படைகள் மோதும்போது எந்த வேந்தனின் வீரர் எவர் என்று அறிவதற்காகப் பனை, வேம்பு, ஆத்தி ஆகிய பூக்களைச் சூடினர் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. களத்தில் ஆளை அறிய வாடும் பூ. உரிமையை அறிவிக்க வாடாத பொறி. ஐரோப்பாவில் கேடயம் ஒன்றே செய்த இரண்டு வேலைகளைத் தமிழகத்தில் இரண்டு பொருள்கள் பகிர்ந்துகொண்டன. இந்த வேறுபாட்டை மறந்து, நம் மூவேந்தர் பொறிகளையும் ஐரோப்பியக் குலச்சின்னங்களையும் முழுதும் ஒன்றென்பது பொருந்தாது.

ஆயினும் ஓரிடத்தில் இரு மரபுகளும் ஒன்றையொன்று நன்கு விளக்குகின்றன. வென்றவன், தோற்றவனைத் தன் சின்னத்திற்குள் எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதே அவ்விடம். இதற்கு இத்தாலியின் மிலான் நகரம் தக்க சான்று. அதனைச் சற்று விரிவாகக் காண்பது நமக்குத் தேவை. அதில் தோற்றவராகக் காட்டப்படுவோர் முஸ்லிம்கள்.

மிலான் நகராட்சியின் சின்னம் வெண்மையில் செஞ்சிலுவை. ஆனால் உலகம் மிலானோடு சேர்த்து அறிந்திருப்பது வேறொரு சின்னத்தை: முடிசூடிய ஒரு பாம்பு, அதன் வாயில் பாதி நுழைந்த ஒரு மனிதன். 1910இல் தொடங்கப்பட்ட ஆல்ஃபா ரோமியோ மோட்டார் நிறுவனத்தின் முத்திரையில் இன்றும் அதைக் காணலாம். 1277இல் நகரின் ஆட்சியைக் கைப்பற்றிய விஸ்கோன்தி குடும்பத்தின் சின்னம் அது. 1288இல் மிலானின் பெருமைகளைத் தொகுத்து இலத்தீனில் எழுதிய போன்வெசின் என்பார், நீலப் பாம்பு சிவந்த சாரசீனன் ஒருவனை விழுங்கும் கொடியை நகரம் விஸ்கோன்தி குடும்பத்தாருக்கு அளிக்கிறது என்றும், அக்கொடி ஒரு மரத்தின்மேல் ஏற்றப்படும்வரை மிலான் படை எங்கும் பாசறை இறங்காது என்றும் குறிப்பிடுகிறார். சாரசீனர் என்பது இடைக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர். அக்குடும்பத்து ஒட்டோ என்பவன் கடல் கடந்து சாரசீனரை எதிர்த்துப் புரிந்த வீரச்செயலுக்காக இவ்வுரிமை வழங்கப்பட்டதாகச் சொல்கின்றனர் என்பதும் அவர் தரும் செய்தியே. பின்வந்தோர் இதனை வளர்த்தனர். முதல் சிலுவைப் போரில் ஒட்டோ, வொலூச்சே என்னும் சாரசீன வீரனைத் தனிச்சமரில் கொன்று, அவனிடமிருந்த பாம்புச் சின்னத்தைப் பறித்துத் தன் குலச்சின்னமாக்கிக்கொண்டான் என்பது அவர்கள் கதை.

இக்கதையைக் காலக்கணக்கோடு உரசிப் பார்த்தால் சாயம் வெளுக்கிறது. முதல் சிலுவைப் போர் 1096க்கும் 1099க்கும் இடையில் நடந்தது. குலச்சின்னங்களைப் பரம்பரையாகக் கொள்ளும் வழக்கம் அப்போது ஐரோப்பாவில் உருவாகவே இல்லை. மிலானிலோ அதற்கு முன்பே பாம்பு இருந்தது: புனித அம்புரோசு பேராலயத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் வெண்கலப் பாம்பு ஒரு தூணின்மேல் நிற்கிறது. அருகிலிருந்த ஏரியில் குழந்தைகளை விழுங்கிய பெரும்பாம்பைக் குடும்பத்து முன்னோன் ஒருவன் கொன்றான் என்னும் மற்றொரு கதையில், பாம்பின் வாயில் இருப்பது குழந்தை, சாரசீனன் இல்லை. போன்வெசின் எழுதியது விஸ்கோன்தி குடும்பம் ஆட்சிக்கு வந்து 11 ஆண்டுகளே ஆன நிலையில் என்பதை நாம் மறக்கலாகாது. ஆட்சி புதிது, உரிமைக்குப் பழமை வேண்டும், பழமைக்கு ஒரு பகைவன் வேண்டும். அப்பகைவனின் இடத்தில் சாரசீனன் வைக்கப்பட்டான். 1450இல் விஸ்கோன்தியரை அடுத்து ஆட்சிக்கு வந்த ஸ்போர்சா குடும்பமும் அந்தப் பாம்பைக் கைவிடவில்லை. குருதி வேறாயினும் ஆளும் உரிமை அப்பாம்போடு ஒட்டியிருந்தது.

இஸ்லாமிய உலகிலும் பொறிகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் எழுத்தின் வழியே சென்றன. ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு வேந்தர்களுக்கு மடல்கள் எழுத முற்பட்டபோது, முத்திரையில்லாத மடலை ரோமர் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் தெரிவித்தனர். அதன்பேரில் செய்யப்பட்ட வெள்ளி மோதிரத்தில் ‘முஹம்மத் ரசூல் அல்லாஹ்’ என்னும் சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தன. விலங்குமில்லை, ஆயுதமுமில்லை. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) வெளியிட்ட தீனார்களிலிருந்து உருவங்கள் நீங்கி எழுத்து மட்டும் நின்றது. 14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்கள் வெளியிட்ட காசுகளும் இவ்வழியினவே. பாண்டியரின் கயல் நீந்திய ஊரில் சில பத்தாண்டுகள் அரபு எழுத்துகள் புழங்கின.

மடலுக்கு முத்திரை வேண்டும் என்னும் இதே ஆலோசனையைச் சிலப்பதிகாரத்திலும் கேட்கிறோம். வடநாட்டு மன்னர்களுக்கு மடல் விடுக்கும்போது வில், கயல், புலி மூன்றும் பதித்த மண் இலச்சினை இடுக என்று செங்குட்டுவனிடம் கூறுபவன் வில்லவன் கோதை. அமைச்சனின் பெயரிலேயே வில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சேரன் அவையில் பேசப்படுவதால் அங்கே வில் முன்னே நிற்கிறது. ஏனையிரண்டும் உடன் வருகின்றன.

எழுத்தே பெருவழக்காயிருந்த இஸ்லாமிய உலகில் உருவச் சின்னங்களை விரிவாகக் கையாண்டோர் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள். அவர்கள் தம் சின்னத்தை ‘ரன்க்’ என்றனர். நிறம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. சுல்தான் பைபர்ஸ் (1260–1277) சிங்கத்தைக் கொண்டார். இன்றைய லோத் நகருக்கு அருகே அவர் 1273இல் கட்டிய பாலத்தில் அச்சிங்கங்களை இன்றும் காணலாம். அமீர்களின் சின்னங்களோ அவர்கள் அரண்மனையில் பார்த்த பணியைச் சுட்டின. பானம் பரிமாறியவருக்குக் கிண்ணம். செயலருக்கு எழுதுகோற் பெட்டி. போலோ மட்டை தாங்கியவருக்கு அம்மட்டைகள். இவர்களுள் நம் பொருளுக்கு நெருங்கியவர் பைபர்ஸின் முன்னாள் எசமானரான அய்தகீன் அல்–புந்துக்தார். புந்துக் என்பது வில்லிலிருந்து எய்யும் உருண்டை. நம்மவர் உண்டைவில் என்பதில் வைத்து எய்யும் உண்டை போன்றது. பின்னாளில் துப்பாக்கிக்கு ‘பந்தூக்’ என்று உருதுவில் பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்துதான். புந்துக்தார் என்றால் சுல்தானின் வில்லைத் தாங்குபவர். கெய்ரோவில் 1284–85இல் எழுந்த அவருடைய அடக்கத்தலத்தில் இரண்டு விற்கள் சின்னமாக உள்ளன. அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு உயர்ந்த மனிதர்கள், தாம் செய்த வேலையின் கருவியை மறைக்காமல் கல்லில் பொறித்தார்கள் என்பது வியக்கத்தக்கது. கொல்லியில் கண்ட இருவகை விற்களுக்கும் இடைப்பட்டதாக இதனைக் கொள்ளலாம்: கையின் திறனையும் முற்றாக இழக்காமல், பதவியையும் சொல்வது.

மீண்டும் தமிழகம் திரும்புவோம். மிலானில் சாரசீனனுக்கு நேர்ந்ததைச் சேரரின் வில்லுக்குச் சோழர் செய்தனர். இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் உள்ள இலச்சினையையும், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு அளித்த கொடையைச் சொல்லும், லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளின் இலச்சினையையும் பார்த்தோர் அறிவர். நடுநாயகமாகப் புலி அமர்ந்திருக்கிறது. அதன் எதிரே இரு கயல்கள். உடன் ஒரு வில். மேலே வெண்கொற்றக்குடை, பக்கங்களில் சாமரம். சிலப்பதிகாரம் சொன்ன அதே மூன்று பொறிகள்தாம். ஆனால் இங்கே வில்லும் கயலும் துணையாக வரவில்லை, திறையாக வந்திருக்கின்றன. புலி அவற்றை விழுங்கவில்லை என்பது உண்மை. அழிப்பதைவிட அருகில் வைத்திருப்பது பெரிய வெற்றி என்று சோழர் எண்ணினர் போலும். எவனை வென்றோம் என்று காட்ட அவனது அடையாளம் சிதையாமல் இருக்கவேண்டும் அல்லவா? 13ஆம் நூற்றாண்டில் சோழர் வீழ்ந்தபின் பாண்டியரின் இணைக்கயல் தனித்து நீந்தத் தொடங்கியது. ஈழத்துத் திருகோணமலைக் கோட்டை வாயிலில் பதிந்துள்ள இரு மீன்கள் அந்தப் பாண்டியப் பெருக்கின் சுவடுகள். (காயல்பட்டினத்தின் பெயரை இந்தக் கயலோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. காயல் என்பது கடலை ஒட்டிய கழிநீர்ப் பரப்பு, கயல் மீன். நெடில் ஒன்று வேறுபடுத்தும் இவ்விரு சொற்களைக் குழப்ப வேண்டியதில்லை.)

விடுதலைக்குப் பின் 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் வரைந்த மாநிலச் சின்னத்தில் வில்லும் புலியும் கயலும் இல்லை. கோபுரமும் அசோகச் சிங்கங்களும் தேசியக் கொடியும் ‘வாய்மையே வெல்லும்’ என்னும் சொற்களும் உள்ளன. மூவேந்தரில் ஒருவரைத் தேர்ந்து மற்றவரைத் துணையாக்கும் பழைய இக்கட்டு அதனால் தவிர்ந்தது எனலாம்.

கொல்லி மலை தன் வழியில் ஒரு தேர்வைச் செய்திருக்கிறது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் செல்வோரைச் செம்மேட்டில் வரவேற்பது ஓரியின் சிலை. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் தமிழக அரசு வல்வில் ஓரி விழாவை அங்கு நடத்துகிறது. மலையெங்கும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் திரள்கின்றனர். மலையைப் பெற்ற சேரனுக்கு அங்கு விழா இல்லை. வென்ற காரிக்கும் இல்லை. தோற்றவனின் படைக்கலமே அம்மலையின் அடையாளமாகிவிட்டது. ஒருவகையில் அதுவும் இப்போது ஒரு பொறிதான். ஆயினும் அது எந்த வேந்தனும் பதித்ததன்று. அதனைச் சேர வில் என்று எழுதுவது, காரி செய்த கொடையை இரண்டாம் முறையும் செய்வதாகும்.

சேரருக்கு அம்மலையிலிருந்து கிடைத்தது ஒரு பெயர். அமராவதிப் படுகையில் கிடைத்த காசுகள் சிலவற்றில் ‘கொல்லிப்புறை’, ‘கொல்லிரும்புறை’ எனப் படிக்கப்பட்ட எழுத்துகள் உள்ளன. அவற்றில் வரும் புறை என்பது இரும்பொறை மரபைச் சுட்டும் பொறை என்னும் சொல்லே என்பது நாணயவியலார் கருத்து. கொல்லியை உடைய பொறையன் என்பது பொருள். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பதிகமும் பெருஞ்சேரல் இரும்பொறையின் போரைக் கொல்லிக் கூற்றத்தில் வைத்தே பேசுகிறது. தம் வில்லை இமயத்தில் பொறித்ததாகப் பாடப்பெற்ற மரபினர், அருகிலிருந்த கொல்லியின் பெயரைத் தம் காசில் பொறித்துக்கொண்டனர்.